கல்யாண மாலைக்கு எந்தப் பூ: பொருள் பார்த்து, பொழுது பார்த்து

மாலை மாற்றுவதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. ஆனால் அந்த மாலை இரண்டு மூன்று மணி நேரம் கழுத்தில் கிடக்கும், படத்தில் ஆயுளுக்கும் இருக்கும். அதனால்தான் பூக்கடையில் முன்பணம் கொடுப்பதற்கு முன் வீட்டில் பேச்சு எழுகிறது: சம்பங்கியா, ரோஜாவா, மல்லியா, தாமரையா? பெரியவர்கள் எது மங்கலம் என்று கேட்பார்கள். பிள்ளைகள் எது பட்டுக்குப் பொருந்தும் என்பார்கள். பணம் கொடுப்பவருக்கு எது வாடாமல் நிற்கும் என்பதுதான் கவலை. தமிழில் பூக்களுக்குப் பொருள் வந்த வழியைப் பார்த்தால், இந்த மூன்று கேள்விக்கும் பெரும்பாலும் ஒரே இடத்தில் விடை கிடைக்கும்.

19-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் ஒரு பூவுக்கு ஒரு சொல் என்று அகராதி போட்டார்கள். சிவப்பு ரோஜா என்றால் காதல் என்று இன்று வாழ்த்து அட்டையில் பார்ப்பது அந்த வழியில் வந்தது. நம் மரபு பூவின் நடத்தையைப் பார்த்துப் பொருள் சொன்னது. எந்த நிலத்தில் பூக்கிறது, எந்த மாதத்தில், பொழுது சாய்ந்தா விடிந்தா, கூம்புமா உதிருமா என்று கவனித்து, அதற்கு ஒத்த மனநிலையைப் பூவின் பெயராலேயே சொன்னார்கள். ஆகவே ஒரு பூவின் பொருள் தெரிந்தால், அது மணமேடையில் எப்படி நடந்துகொள்ளும் என்பதும் பாதி தெரிந்துவிடும். மாலைக்குப் பூ எடுக்கும்போது நாங்கள் முதலில் கேட்பது நிறத்தை அல்ல, முகூர்த்தம் எத்தனை மணிக்கு என்பதைத்தான்.

முல்லையும் மல்லியும்

முல்லைக்குத் தொல்காப்பியம் வழியாக வந்த பொருள் ‘இருத்தல்’. பிரிந்து போனவன் கார்காலத்தில் திரும்பி வருவான் என்று நம்பி வீட்டில் காத்திருப்பது. முல்லைத் திணைக்குப் பெரும்பொழுது கார், சிறுபொழுது மாலை. காரணத்தைப் பூவே காட்டும். முல்லை மொட்டு மெல்லியதாக, நுனி கூராக, பகல் முழுக்க வாய் திறக்காமல் இருக்கும். வெயில் இறங்கியதும் நுனி லேசாக நெகிழும், இருட்டத் தொடங்கும்போது இதழ்கள் பின்னோக்கி விரியும், அப்போதுதான் மணம் எழும். காலையில் பறித்த பூ மாலை வரை காத்திருக்கிறது. ‘முல்லை சான்ற கற்பு’ என்று பழம்பாட்டு சொன்னதும் இந்தப் பொறுமையை வைத்துத்தான். கல்யாணத்துக்கு இதைவிடப் பொருத்தமான பொருள் தமிழில் வேறு பூவுக்கு இல்லை என்பது எங்கள் கருத்து.

சிக்கல் மூன்று பூக்களை மல்லி என்ற ஒரே பெயரில் வாங்குவதில் தொடங்குகிறது. குண்டுமல்லி உருண்டு தடித்த மொட்டு. முல்லை மெலிந்த சிறு மொட்டு. பிச்சி என்றும் சாதிமல்லி என்றும் சொல்வது நீளக் காம்பும், வெளிப்புறம் இளஞ்சிவப்புச் சாயலும் கொண்டது. ஒரு கிலோ குண்டுமல்லியில் சுமார் 4,000 மொட்டு நிற்கும். முல்லையில் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். எண்ணிக்கை கூடக் கூடக் கட்டுகூலியும் நேரமும் கூடும். முல்லையை மட்டும் வைத்து ஒரு மாலை கேட்டால், எட்டுப் பத்து சரங்களைத் தனித்தனியே கட்டி, பிறகு ஒன்றாக முறுக்கித்தான் பருமன் கொண்டுவர முடியும். பார்க்க அழகுதான். ஆனால் தூக்கிப் பார்த்தால் கொடிபோல் தொங்கும், மாலைக்குரிய நிமிர்வு வராது.

குண்டுமல்லிக்கு அந்தக் குறை இல்லை. 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியின் இதழ் தடிமனே அதன் முதல் தகுதி. ஆனால் பொழுதுக் கணக்கு இதற்கும் உண்டு. விடிவதற்கு முன் தொடங்கிக் காலைக்குள் மொட்டாகப் பறிப்பார்கள். பகலில் சந்தைக்கு வரும், இரவு 7, 8 மணிவாக்கில் விரியும். ஆகவே மாலை 6.30-க்கு வரவேற்பு என்றால் மல்லி மாலைதான் முதல் தேர்வு. மொட்டாகக் கழுத்தில் ஏறி, விருந்தினர் கை கொடுக்கும்போது மெல்ல மலர்ந்து, படம் எடுத்து முடிப்பதற்குள் மேடை முழுக்க மணக்கும். அதே மாலையை விடிகாலை 5 மணி முகூர்த்தத்துக்குப் போட்டால் அது பறித்து ஏறக்குறைய ஒரு நாள் ஆன பூ. முழுதாக விரிந்திருக்கும். ஹோமச் சூடு பட்டதும் இதழ் ஓரம் மஞ்சளாகும், மாலையைத் தலைக்கு மேல் தூக்கி மாற்றும்போது கொத்துக் கொத்தாக உதிரும். அதைப் பார்த்து ‘பூ சரியில்லை’ என்று கடைக்காரரைத் திட்டுவார்கள். பூ சரியாகத்தான் இருந்தது, பொழுதுதான் தப்பு.

விடிகாலைக்கு மல்லியேதான் வேண்டும் என்றால் வழி உண்டு. முந்தைய நாள் பிற்பகலில் சந்தையில் இருக்கும் இறுக்கமான மொட்டாகப் பார்த்து எடுத்து, உடனே கட்டி, ஈரம் பிழிந்த பருத்தித் துணி விரித்த வாழையிலையில் சுற்றி, குளிர்சாதனப் பெட்டியின் காய்கறித் தட்டில் வைக்க வேண்டும். மலர்வது சில மணி நேரம் தள்ளிப்போகும். முகூர்த்தத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு வெளியே எடுத்தால் போதும். இங்கே நடக்கும் தவறுகள் இரண்டு. ஒன்று, வாடாமல் இருக்கட்டும் என்று மொட்டின் மேல் தண்ணீரைத் தெளித்து மூடி வைப்பது. காம்பு அழுகிப் புளித்த வாடை வரும். இரண்டு, பனிக்கட்டியை நேரே பூவின் மேல் கொட்டுவது. பட்ட இடம் கண்ணாடிபோல் நனைந்து, அரை மணியில் பழுப்பாகும். தெர்மகோல் பெட்டியில் பனிக்கட்டி வைப்பதானால் அதைப் பாலித்தீன் பையில் கட்டிக் கீழே வைத்து, நடுவில் செய்தித்தாள் நாலு மடிப்பு, அதன் மேல் பூ.

விலையும் ஒரு காரணி. பங்குனி முதல் மல்லி தாராளமாக வரும். மார்கழி, தை பனியில் வரத்து விழும், கல்யாணமோ தையில்தான் குவியும். சாதாரண நாளில் சில நூறு ரூபாய்க்குப் போகும் கிலோ 3,000 ரூபாயைத் தாண்டிய தை மாதங்கள் உண்டு. தைக் கல்யாணத்துக்கு முழு மல்லி மாலைக்கு ஒப்புக்கொள்ளும் முன் இதை மனதில் வையுங்கள். அந்தப் பணத்துக்கு நல்ல சம்பங்கி மாலை ஜோடியும், மணப்பெண் தலைக்குத் தேவையான மல்லியும் சேர்ந்தே வந்துவிடும்.

சம்பங்கி: பாட்டில் இல்லாத பூ

இன்று தமிழ்நாட்டுக் கல்யாண மாலையின் உடம்பு சம்பங்கிதான். வேடிக்கை என்னவென்றால், கபிலர் 99 பூக்களை அடுக்கிய குறிஞ்சிப்பாட்டில் இதைத் தேடிக் கிடைக்காது. அதில் உள்ள சண்பகம் மரத்தில் பூக்கும் செண்பகம். நாம் மாலையில் கோப்பது மெக்சிகோவிலிருந்து கப்பலேறி வந்த, கிழங்கிலிருந்து தண்டு விடும் நிலச்சம்பங்கி. செண்பகத்தின் பெயர் இதற்கும் ஒட்டிக்கொண்டது. ஆகவே இதற்குத் திணைப் பொருள் எதுவும் கிடையாது. வெண்மை, இரவு மணம் இரண்டையும் வைத்து நாமே தூய்மை என்று ஏற்றிக்கொண்டோம்.

இப்படி ஏற்றிய பொருளில் ஒரு பிளவு உண்டு, அதைத் தெரியாமல் மாலை சொல்லக் கூடாது. சம்பங்கி மாலை மணமேடைக்கும் போகிறது, இறந்தவர் மேலும் விழுகிறது. பூ ஒன்றுதான், இரண்டையும் பிரிப்பது கட்டும் விதம். வெள்ளைச் சம்பங்கியை மட்டும் நெருக்கிக் கோத்து, நடுநடுவே உதிரி ரோஜா இதழ் செருகி, குஞ்சமில்லாமல் முடித்தால் பார்க்கும் பெரியவர்கள் முகம் மாறும். அதையே நாலு விரல் இடைவெளிக்கு ஒரு பச்சைக் கண்ணி (மரிக்கொழுந்து, துளசி, மரு எதுவானாலும்), ஒரு செந்நிறப் பட்டை என்று பிரித்து, கீழே இரட்டைக் குஞ்சம் கட்டினால் மங்கல மாலை. ‘வெள்ளை மட்டும் போதும், படத்துக்கு நன்றாக இருக்கும்’ என்று பிள்ளைகள் கேட்டால், பச்சையையாவது விடாதீர்கள் என்பது எங்கள் யோசனை. நீர்த்துளி பட்ட மரிக்கொழுந்தின் சாம்பல் பச்சை வெள்ளையை இன்னும் வெள்ளையாகக் காட்டும், வீட்டுப் பெரியவர்களுக்கும் உறுத்தாது.

நடத்தையில் சம்பங்கி நம்பகமானது. ஆண்டு முழுக்க வரும், சத்தியமங்கலம் பக்கத்திலிருந்து மூட்டை மூட்டையாக வரும். ஒரு பூ ஏறக்குறைய ஒரு கிராம்; சராசரிப் பருமனுள்ள மாலைக்கு 1 முதல் 1.5 கிலோ உதிரி வேண்டும், கழிவுக்கு மேலும் பத்தில் ஒரு பங்கு. ஒற்றை அடுக்குப் பூதான் மாலைக்கு; இரட்டை அடுக்கு கொத்தாகப் பார்க்க அழகு, ஆனால் ஊசியில் கோத்தால் மாலை பருத்துக் கனக்கும். பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் தந்த பிரஜ்வல் ரகத்தைக் கேட்டு வாங்கலாம். மொட்டின் நுனியில் மெல்லிய இளஞ்சிவப்பு இருக்கும், பூ பெரியது.

சம்பங்கி எங்கே கெடுகிறது என்று பார்க்க ஒரு பூவைக் கையில் எடுங்கள். குழல் போன்ற அடி, மேலே ஆறு இதழ். ஊசி குழலின் நடுவில் ஏறினால் பூ நிமிர்ந்து நிற்கும். அவசரத்தில் பக்கவாட்டில் குத்தினால் குழல் கிழிந்து சாறு கசியும், அந்த வெட்டுவாயிலிருந்துதான் பழுப்பு தொடங்கி இதழுக்கு ஏறும். மாலை வாங்கும்போது முன்பக்கத்தைப் பார்க்காமல் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். குழல்கள் வெளிர்பச்சையாக, முழுசாக இருந்தால் அன்று கோத்தது. தேன்நிறக் கோடு ஓடியிருந்தால் முந்தைய நாள் சரக்கு.

ரோஜா

ரோஜாவுக்கு நாம் தந்த பழைய இடம் மாலையில் இல்லை, பன்னீர்ச் செம்பில். வாசலில் நின்று வருபவர் மேல் தெளிக்கும் வரவேற்பு அது. இன்று முழு ரோஜா மாலை வாங்குவதில் காதல் என்ற அட்டைப் பொருளும், சிவப்பு மங்கலம் என்ற நம் பொருளும் சேர்ந்துகொள்கின்றன. இரண்டும் நல்ல பொருளே.

ஆனால் எந்த ரோஜா என்பதைச் சொல்லாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். பன்னீர் ரோஜா மணக்கும், சில மணி நேரத்தில் இதழ் கொட்டும். மாலையின் உடம்புக்கு அது ஆகாது, நலங்குத் தட்டுக்கு ஆகும். பட்டன் ரோஸ் சிறியது, கட்டு இறுகும், வாசனை இல்லை. ஓசூர்ப் பக்கம் பசுமைக்குடிலில் வளரும் நீளக்காம்பு ரோஜாவில் தாஜ்மகால் போன்ற ரகங்களின் இதழ் தடித்தது. அதன் இதழைப் பிரித்து, மடித்து, ஊசியில் அடுக்கும் இதழ் மாலைதான் இப்போது அதிகம் கேட்கப்படுவது. வெல்வெட்டுக் கயிறு போல இருக்கும். கூலி அதிகம், எடையும் அதிகம்: தடிமனாகக் கேட்டால் ஒரு மாலை 2 கிலோவைத் தாண்டும்.

ரோஜாவில் நடக்கும் பெரிய தவறு ஈரம். பளபளப்புக்காகக் கடைசி நிமிடத்தில் தண்ணீர் தெளித்துக் கொடுப்பார்கள். நசுங்கிய சிவப்பு இதழின் சாறு ஈரத்தோடு சேர்ந்து மாப்பிள்ளையின் வெண்பட்டில் இறங்கும், அந்தக் கறை லேசில் போகாது. மாலையை வாங்கியதும் ஒரு வெள்ளைத் துணியை அதன் மேல் அழுத்தி எடுங்கள். துணியில் சிவப்பு ஒட்டினால் பத்து நிமிடம் மின்விசிறிக் காற்றில் தொங்கவிட்ட பிறகே கழுத்துக்கு. நீலம், ஊதா என்று சாயம் ஏற்றிய பூக்களுக்கு இந்தச் சோதனை இன்னும் கட்டாயம்.

தாமரை

தாமரை விடியலில் அலரும், வெயில் ஏறிய பின் கூம்பும். திருமகள் இருக்கை, செல்வம் என்ற பொருள் எல்லோருக்கும் தெரிந்ததே. மருத நிலத்தின் பூ என்பதும், மருதத்தின் பொருள் ஊடல் என்பதும் அவ்வளவாக நினைவில் இல்லை. கணவன் மனைவிக்குள் வரும் செல்லச் சண்டைக்கு அடையாளமான நிலத்திலிருந்து வருவதால் அது கல்யாணத்துக்குக் குறை ஆகாது. ஊடல் உரிமை உள்ள இடத்தில்தான் வரும்.

தேர்வாகப் பார்த்தால் தாமரை காலை முகூர்த்தத்துக்கு மட்டும். மாலைக்கு எடுப்பது விரிந்த பூ அல்ல, நிறம் ஏறிய முதிர்ந்த மொட்டு. வெளியிதழ்களை ஒவ்வொன்றாக உள்நோக்கி மடித்து அடுக்கினால் மஞ்சள் நடுவும் இளஞ்சிவப்பு மடிப்பும் தெரியும். மடித்த கோட்டில் சில மணி நேரத்தில் கருமை படரும், அதனால் 7.30 முகூர்த்தம் என்றால் மடிப்பு வேலை விடிகாலை 4 மணிக்குத் தொடங்க வேண்டும். முதல் நாள் இரவே மடித்து வைத்த தாமரை மேடையில் தீய்ந்த ஓரத்தோடு நிற்கும். முழு மாலையாகச் செய்தால் முரடாக இருக்கும், கழுத்தில் மடங்காது. குஞ்சத்துக்கு மேல் இரண்டு, நெஞ்சுப் பகுதியில் இரண்டு என்று ஒரு மாலைக்கு நாலு மொட்டு போதும். மாலை வரவேற்புக்குத் தாமரை வேண்டாம்.

ஒப்பீட்டுக்கு வேறு நீர்ப்பூக்களையும் சொல்லிவிடலாம். நீல நிறத்துக்காக நெய்தல் போன்ற அல்லி வகைகளைக் கேட்பவர்கள் உண்டு. நெய்தலின் பொருள் இரங்கல். சாவு வீட்டில் முழங்கிய பறைக்கே சங்க காலத்தில் நெய்தல் என்று பெயர். ‘ஓரில் நெய்தல் கறங்க’ என்று தொடங்கும் புறநானூற்றுப் பாட்டு, ஒரு வீட்டில் சாவுப் பறையையும் அடுத்த வீட்டில் மண முழவையும் எதிரெதிரே வைக்கிறது. அதனால் இவற்றை மாலையில் தவிர்ப்பது நல்லது; பறித்த அல்லித் தண்டு துவளும் வேகமும் தனிக் காரணம்.

செவ்வந்தி, அரளி, ஆர்கிட்

செவ்வந்தி இரண்டு மூன்று நாள் கூட நிறம் மாறாமல் நிற்கும், மலிவு, மஞ்சள் மங்கலம். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளுக்குச் சாத்தும் மாலையில் துளசி, சம்பங்கியோடு செவ்வந்தியும் சேரும். அந்தப் பாணியில் கட்டும் கல்யாண மாலைக்கு ‘சூடிக் கொடுத்தவள்’ என்ற நினைவே பொருள். காலை முகூர்த்தம், நீண்ட சடங்கு, குறைந்த செலவு என்றால் இதைத் தயங்காமல் எடுக்கலாம். எச்சரிக்கை ஒன்று: செவ்வந்திச் சாறு சிலருக்குத் தோலில் அரிப்பும் தடிப்பும் தரும். ஒரு வாரம் முன்பே ஒரு பூவைக் கசக்கி முழங்கையின் உட்புறம் தேய்த்துப் பார்த்துவிட வேண்டும். கல்யாணத்தன்று கழுத்தில் சிவந்த வரியோடு நிற்க வேண்டியிராது. பிரான்சில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இன்னொன்று. அங்கே செவ்வந்தி நவம்பர் 1-ஆம் தேதியை ஒட்டிக் கல்லறைக்கு எடுத்துப்போகும் பூ. மேடையில் மஞ்சள் செவ்வந்தி குவிந்திருந்தால் அந்நாட்டு விருந்தினர் என்ன நினைப்பார்கள் என்பதை யோசித்து, அழைப்பிதழோடு ஒரு வரி சொல்லிவிடலாம்.

அரளி கைவேலைக்கு ஏற்றது. தோவாளையில் செவ்வரளி, வெள்ளரளி, நொச்சி இலை மூன்றையும் மடித்துப் பாய் போல நெய்யும் மாணிக்கமாலை, ரத்தினம் பதித்த பட்டை போலவே இருக்கும். அண்மையில் அதற்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. நொச்சி புறத்திணையில் மதில் காப்பவர் சூடிய பூவின் பெயர். வீட்டைக் காக்கும் பொருளாக எடுத்துக்கொண்டால் மணமக்களுக்கும் தகும். ஆனால் அரளியின் இலை, பூ, காம்பு எல்லாமே நஞ்சு. பால் பழம் கொடுக்கும் சடங்குக்கு முன் அரளி மாலையைக் கழற்றிவிடுங்கள், கட்டியவர் கை கழுவட்டும், தவழும் குழந்தை கைக்கு எட்டவிடாதீர்கள். செங்காந்தளும் இப்படித்தான். முருகன் பூ, தமிழ்நாட்டின் மாநில மலர், ஈழத் தமிழரிடையே கார்த்திகைப் பூ என்ற பெயரில் மாவீரர் நினைவைச் சுமப்பது. இத்தனை கனமான பொருள் கொண்ட பூவை அழகுக்காக மாலையில் செருகுவது சரியில்லை, நஞ்சும் உண்டு.

ஆர்கிட், கார்னேஷன் இரண்டுக்கும் நம் மரபில் பொருள் இல்லை. நிறம் தேர்ந்தெடுக்க வசதி, எடை குறைவு, ஒரு நாள் முழுக்க முறுக்காக நிற்கும். வெளியூர் மண்டபம், நீண்ட கார்ப் பயணம் என்றால் நியாயமான தேர்வு. இவை திடீரென்று வாடுவதற்கு ஒரு காரணம்: சீர்வரிசைப் பழத்தட்டு. பழுத்த வாழையும் மாம்பழமும் வெளியிடும் எத்திலீன் வாயு பட்டால் கார்னேஷன் இதழ் உள்நோக்கிச் சுருண்டு ‘தூங்கிவிடும்’, ஆர்கிட் உதிரும். மாலையையும் பழத்தாரையும் ஒரே அறையில் இரவு முழுக்கப் பூட்டி வைக்காதீர்கள். கம்பி கோத்துச் செய்வதால் கழுத்துப் பகுதியை விரலால் தடவிப் பார்த்து, நீட்டிக்கொண்டிருக்கும் முனைகளை மடக்கச் சொல்லுங்கள்.

பூவே வேண்டாம், வைத்துக்கொள்ளும்படி ஒன்று வேண்டும் என்பவர்களுக்கு வெட்டிவேர் மாலை இருக்கிறது. பல மாதம் கழித்தும் தண்ணீர் தெளித்தால் மணக்கும். அகநானூற்று மணப்பாட்டு ஒன்றில் வாகை இலையையும் அறுகம்புல்லின் முகையையும் வெண்ணூலில் சேர்த்துத்தான் மணப்பெண்ணுக்குச் சூட்டுகிறார்கள். வேரும் இலையும் புல்லும் மங்கலம் ஆகாது என்று யாராவது சொன்னால் அதை எடுத்துக்காட்டலாம்.

எதை எடுப்பது

விடிகாலை 4.30 முதல் 6 வரை என்றால் சம்பங்கி உடம்பு, மரிக்கொழுந்துப் பிரிவு, செவ்வந்தி அல்லது பட்டன் ரோஸ் பட்டை. ஈரமான அந்த நேரத்தில் சம்பங்கி மணமும் நன்றாக எழும். காலை 7.30 முதல் 10.30 வரை என்றால் அதே சம்பங்கியோடு நாலு தாமரை, அல்லது வெள்ளைத் துணிச் சோதனை முடித்த ரோஜா இதழ் மாலை. மாலை வரவேற்புக்கு மல்லி, விலை ஒத்து வராவிட்டால் சம்பங்கி உடம்பில் ஒரு சுற்று முல்லைச் சரம். அந்த ஒரு சரத்தை விட்டுவிடாதீர்கள் என்று வற்புறுத்திச் சொல்வோம். செலவு அதிகமில்லை, முல்லையின் பொருள் மாலைக்குள் வந்துவிடும், அது மலரும் பொழுதும் வரவேற்பின் பொழுதும் ஒன்றே. ஒரே ஜோடி மாலையைக் காலைக்கும் வரவேற்புக்கும் ஓட்டப் பார்ப்பது எந்தப் பூவிலும் சரிவராது.

அளவு சொல்லும்போது ‘பெரிய மாலை’, ‘நடுத்தரம்’ என்று சொன்னால் ஆளுக்கு ஆள் மாறும். ஒரு கயிற்றைப் பிடரியில் போட்டு இரண்டு பக்கமும் தொடையின் நடு வரை இறக்கி, அந்த நீளத்தை வெட்டிக் கடையில் கொடுங்கள். சராசரி உயரத்துக்கு மொத்தம் 6 அடிக்கு அருகில் வரும். குஞ்சம் இதற்குக் கீழே தனி. முழங்காலுக்குக் கீழ் இறங்கினால் உட்காரும்போது மடியில் குவியும், ஹோமகுண்டத்தின் பக்கம் சாயும். எடை 1.5 கிலோவுக்குள் இருந்தால் இரண்டு மணி நேரம் தாங்கும். 2 கிலோவைத் தாண்டினால் மணப்பெண் அரை மணிக்கு ஒருமுறை கழுத்தை அசைப்பதைப் படத்தில் பார்க்கலாம்.

மிக முக்கியமானதைப் பெரும்பாலோர் சொல்ல மறக்கிறார்கள்: பிடரிப் பகுதி. அங்கே 8, 9 அங்குலத்துக்குப் பூவே வேண்டாம், பருத்தி உள்வைத்த பட்டு நாடா போதும். தாலி கட்டும்போது மாப்பிள்ளையின் இரண்டு கையும் அந்த இடத்தில்தான் வேலை செய்கின்றன, பின்னாலிருந்து நாத்தனார் முடிச்சுப் போடுகிறார். மூன்று அங்குலப் பருமனில் சம்பங்கி சுற்றியிருந்தால் தாலிச்சரடு பூவுக்குள் புதைந்துபோகும். முடிச்சு விழுந்ததா இல்லையா என்று தேடுவார்கள், கெட்டிமேளம் முழங்கிக்கொண்டிருக்கும். பின்புறம் நாடாவாக இருந்தால் இந்தத் தொல்லை இல்லை, பின்னலும் நெற்றிச்சுட்டியும் மாலையில் சிக்குவதும் குறையும்.

கடைக்குச் சொல்ல வேண்டிய நாள் பத்து நாளுக்குக் குறையாமல் முன்பு. முகூர்த்த நாளில் நிலக்கோட்டை, தோவாளை, மாட்டுத்தாவணி என்று எந்தச் சந்தையிலும் விலை ஏறும் என்பதால், பூவின் பெயர், ரகம், எடை, நீளம், எத்தனை மணிக்குக் கையில் வேண்டும் என்ற ஐந்தையும் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ‘அது கிடைக்காவிட்டால் எது’ என்பதையும் அதே சீட்டில் எழுதுங்கள். மல்லி வரத்து இல்லாத நாளில், மல்லி போலத் தெரியும் வெள்ளைப் பூவான காக்கரட்டானைக் கலந்து கட்டிவிடுவது நடக்கும். காக்கரட்டானும் பூதான், ஆனால் மல்லியின் விலைக்கும் மணத்துக்கும் ஈடாகாது.

கல்யாணம் முடிந்த மறுநாள் மாலைகளை அப்படியே கிணற்றிலோ ஆற்றிலோ போடாதீர்கள். நூலையும் ஜிகினாவையும் கம்பியையும் கத்தரித்து எடுத்துவிட்டு, பூவை மட்டும் மரத்தடியில் போட்டால் மக்கி மண்ணாகும். ஆடு மாடு மேயும் இடமானால் அரளி இருக்கும் மாலையைத் தனியே பிரித்துக் குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள். வாடிய அரளியிலும் நஞ்சு அப்படியேதான் இருக்கும்.